தைராய்டுக்கு அயோடின் மருந்து: வீட்டார் தெரிந்துகொள்ள வேண்டியவை



மருத்துவ உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வருபவர்களில், தைராய்டு நோய்க்குக் கதிரியக்க அயோடின் எழுதித் தந்த சீட்டோடு வருபவர்களும் உண்டு. பெரும்பாலும் பெண்கள். "முடி கொட்டிவிடுமா, பிள்ளை பிறக்காமல் போய்விடுமா?" என்ற பயத்தில் சிகிச்சையை மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். அந்தப் பயம் தீரவே இதை எழுதுகிறோம்.

கழுத்தின் முன்புறம் உள்ள தைராய்டு சுரப்பி, உணவிலுள்ள அயோடினை இழுத்து ஹார்மோன் தயாரிக்கிறது. வேறு எந்த உறுப்பும் அந்த அளவுக்கு அயோடினை இழுப்பதில்லை. அயோடின்-131 என்ற மருந்தை விழுங்கினால், சுரப்பி அதையும் அப்படியே இழுத்துக்கொள்ளும். அதன் கதிர் உள்ளிருந்தே சுரப்பியின் செல்களை அழிக்கும். 1941-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு இது கொடுக்கப்பட்டது. தைராய்டு அளவுக்கு மீறிச் சுரப்பவர்களுக்கும், தைராய்டு புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்தவர்களுக்கும் இது தரப்படுகிறது. கீமோதெரபியைப் போல இதில் முடி கொட்டுவதில்லை.

மருந்துக்கு முன்பு: கர்ப்பமாக இருந்தால் இந்த மருந்து கூடவே கூடாது. மாதவிலக்கு ஒரு நாள் தள்ளியிருந்தாலும் மருத்துவரிடம் வெட்கப்படாமல் சொல்லிவிட வேண்டும். பால் கொடுக்கும் தாய், குறைந்தது 6 வாரம் முன்பே நிறுத்த வேண்டும். அந்தக் குழந்தைக்கு மீண்டும் கொடுக்கக் கூடாது. அடுத்த குழந்தைக்குக் கொடுக்கலாம். புற்றுநோய்க்கு எடுப்பவர்கள் ஒன்றிரண்டு வாரம் அயோடின் உப்பு, கடல் மீன், கருவாடு, முட்டை, பால் ஆகியவற்றைத் தவிர்க்கச் சொல்வார்கள். காப்ஸ்யூலின் ஜெலட்டின் உறை பற்றித் தயக்கம் இருந்தால் முன்கூட்டியே கேளுங்கள். இந்த மருந்து திரவமாகவும் உண்டு.

மருந்துக்குப் பிறகு: மருந்தின் ஒரு வகைக் கதிர் உடலுக்கு வெளியேயும் வரும். அதனால்தான் தனிமை. அயோடின்-131இன் வீரியம் 8 நாளில் பாதியாகும், 16 நாளில் கால் பங்காகும். சுரப்பியில் சேராத மருந்து முதல் இரண்டு நாளில் பெரும்பாலும் சிறுநீரில் வெளியேறிவிடும். எனவே தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். ஆண்களும் உட்கார்ந்தே சிறுநீர் கழித்து, இரண்டு முறை தண்ணீர் ஊற்ற வேண்டும். தனிப் படுக்கை, தனித் தட்டு, தனியாகத் துவைத்த துணி வேண்டும். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அருகில் நெருங்கக் கூடாது. எத்தனை நாள் என்பது மருந்தின் அளவைப் பொறுத்தது. மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மாமியார்மார்களுக்கும் கணவன்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள். இது தொற்றுநோய் அல்ல. அந்தப் பெண்ணை ஒதுக்கிவைக்க ஒன்றுமில்லை. அதே சமயம், "இரண்டு நாள் ஆகிவிட்டதே" என்று அவரை அடுப்படிக்கு அழைப்பதும், பிள்ளையை மடியில் கொடுப்பதும் தவறு. அந்த நாட்களுக்குச் சமையலுக்கும் பிள்ளைகளுக்கும் ஆள் ஏற்பாடு செய்துவிட்டே மருந்துக்கு அனுப்புங்கள்.

வணக்கமும் பயணமும்: தனிமை நாட்களில் ஆண்கள் ஜும்ஆவுக்குச் சென்று தோளோடு தோள் நிற்காமல், வீட்டிலேயே லுஹர் தொழுதுகொள்ளலாம். ரமலானில் மருந்து எடுக்க நேர்ந்தால், நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகைப்படி நோன்பை விட்டுப் பிறகு களாச் செய்யலாம். சில வாரங்களுக்குள் உம்ரா செல்வதானால் மருத்துவரின் கடிதம் கையில் இருக்கட்டும். விமான நிலையக் கதிர் உணர்கருவி ஒலி எழுப்பக்கூடும்.

பிள்ளைப்பேறு: மருந்துக்குப் பின் பெண்கள் குறைந்தது 6 மாதம் கருத்தரிக்கக் கூடாது. ஆண்களும் சில மாதம் பொறுக்க வேண்டும். அதன்பின் மருத்துவரைக் கேட்டுக் குழந்தை பெறலாம். "மருந்து எடுத்த பெண்" என்று ஒரு நல்ல சம்பந்தத்தைத் தட்டிக்கழிக்க எந்த நியாயமும் இல்லை.

மருந்தின் முழுப் பலன் தெரியச் சில மாதம் ஆகும். பிறகு பலருக்கும் சுரப்பி மந்தமாகி, தைராக்ஸின் மாத்திரை ஆயுள் முழுவதும் தேவைப்படும். சிகிச்சை தோற்றதாக அதற்குப் பொருள் இல்லை. தினமும் வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டும். ரமலானில் ஸஹர் உணவுக்கு அரை மணி நேரம் முன்பு எடுக்கலாம். உடம்பு தேறிவிட்டது என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

சீட்டு கையில் இருந்தும் தயங்குபவர்கள் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள். மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளைச் சேர்ந்தே எழுதிக்கொள்வோம். அல்லாஹ் அனைவருக்கும் பூரண ஷிஃபாவைத் தருவானாக, ஆமீன்.