கம்பியால் சுட்ட சித்திரங்கள்

அவுஸ்திரேலியா என்றதும் கங்காருவுக்கு அடுத்து நம் நினைவுக்கு வருவது பூமராங். வீசியவரிடமே திரும்பி வரும் வளைந்த மரத்துண்டு என்றுதான் பலரும் அறிந்திருக்கிறோம். ஆனால் எல்லாப் பூமராங்குகளும் திரும்பி வருபவையல்ல. வேட்டைக்கென்று செய்யப்பட்ட கனமானவை இலக்கைத் தாக்கி அங்கேயே விழும். தென் அவுஸ்திரேலியாவின் சதுப்பு நிலமொன்றில் 1973இல் கிடைத்தவை ஏறத்தாழ 10,000 ஆண்டுகள் பழைமையானவை.

எனினும் சேகரிப்போர் பலர் விரும்பித் தேடுவது அவ்வளவு பழையவற்றை அல்ல. 20ஆம் நூற்றாண்டில் அந்நாட்டின் ஆதிக்குடிகள் உல்லாசப் பயணிகளுக்காகக் கையால் அலங்கரித்து விற்ற பூமராங்குகளையே.

சிட்னியின் தெற்கே உள்ள லா பெரூஸ் இதற்குப் பேர்பெற்ற இடம். 1902இல் டிராம் வண்டி அங்கு வந்ததும் பயணிகள் பெருகினர். ஆண்கள் கண்டல் மரத்தில் இயற்கையாக வளைந்த பகுதியைத் தேடி வெட்டி, செதுக்கி, தேய்த்து மெருகேற்றினர். பின்னர் நெருப்பில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் கங்காரு, ஈமு, பூக்கள் எனச் சுட்டு வரைந்தனர். 1932இல் திறக்கப்பட்ட சிட்னி துறைமுகப் பாலமும் அச்சித்திரங்களில் இடம்பிடித்தது.

பெண்களின் பங்கும் குறைவில்லை. கடற்கரையில் சிப்பி பொறுக்கி, சிறு பெட்டிகளிலும் பாதணி உருவங்களிலும் அழகாக ஒட்டி விற்றனர். அவர்களுள் ஒருவரான எம்மா டிம்பரியின் கைவேலை 1910இல் லண்டன் கண்காட்சி வரை சென்றது. அரசின் கட்டுப்பாட்டுக்குள் வாழ்ந்த அம்மக்களுக்கு, சொந்த உழைப்பால் கையில் காசு பார்க்க இத்தொழில் வழிவகுத்தது.

பின்னாளில் நீர்வண்ண ஓவியங்களால் புகழ்பெற்ற அல்பர்ட் நமட்ஜிராவும் (1902–1959) ஆரம்பத்தில் மரத்தில் இவ்வாறு சுட்டு வரைந்தவரே. பூமராங் வீசுவதில் வல்லவரான பில் ஓனஸ் 1952இல் மெல்பேர்ன் அருகே பெல்கிரேவில் கடை திறந்து, தம் மக்களின் கைவேலைகளை விற்பனை செய்தார்.

போலிகளும் பெருகின. இந்தோனேசியாவில் செய்த 18,000க்கும் மேற்பட்ட பொருட்களை ஆதிக்குடிகளின் கைவேலை என நம்பவைத்து விற்ற நிறுவனமொன்றுக்கு, 2019இல் அவுஸ்திரேலிய நீதிமன்றம் 23 இலட்சம் டொலர் அபராதம் விதித்தது. அப்பொருட்களில் பூமராங்குகளும் அடங்கும்.

அசலை இனங்காண்பது எப்படி? பழைய கைவேலையில் மரத்தின் ரேகைகள் பெரும்பாலும் வளைவோடு சேர்ந்தே வளைந்து செல்லும். சுட்ட கோடு ஓரிடத்தில் ஆழமாகவும் மற்றோரிடத்தில் மெலிதாகவும் இருக்கும். அச்சிட்ட படத்தில் இந்த ஏற்ற இறக்கம் இராது. செய்தவரின் பெயரோ ஊரோ பின்புறத்தில் எழுதியிருந்தால் மதிப்பு இன்னும் கூடும்.

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் இத்தகைய அன்பளிப்பைக் கொண்டுவந்தால், சுவரில் மாட்டுமுன் சற்றுத் திருப்பிப் பாருங்கள். அழகை ரசிப்பதோடு, அதைச் செய்த கை யாருடையது என்று கேட்பதும் அந்த உழைப்புக்கு நாம் செய்யும் மரியாதையாகும்.