காணா வாயுவின் செய்தி

நம் பால்வீதியைப் போன்ற விண்மீன் மண்டலங்களைச் சூழ்ந்து குளிர்ந்த ஹைட்ரஜன் வாயு பரவியுள்ளது. விண்மீன்கள் பிறப்பதற்கு மூலப்பொருள் அதுவே. ஆயினும் அது கண்ணுக்குப் புலனாவதில்லை. அதனை நாம் அறிவது எங்ஙனம்?

ஹைட்ரஜன் அணுவில் புரோட்டான் ஒன்றும் எலெக்ட்ரான் ஒன்றும் உள்ளன. இரண்டும் தற்சுழற்சி உடையவை. ஒரே திசையில் அமைந்த அச்சுழற்சிகள் எதிரெதிராக மாறுங்கால், 21 சென்டிமீட்டர் நீளமுள்ள வானொலி அலை வெளிப்படும். நிறமாலையில் இது தனிக் கோடாகத் தோன்றும். ஓர் அணுவில் இம்மாற்றம் தானாக நிகழ ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டு ஆகும். ஆனால் அணுக்கள் எண்ணிறந்தவை. ஆதலின் அலை இடையறாது வருகிறது.

இதனை 1944-இல் ஹாலந்து நாட்டு அறிஞர் வான் டெ ஹுல்ஸ்ட் முன்னுரைத்தார். 1951-இல் அமெரிக்க அறிஞர் யூவனும் பர்செலும் அவ்வலையைக் கண்டறிந்தனர். வாயு நம்மை விட்டு விலகினால் அலை சற்று நீளும், நெருங்கினால் குறுகும். எனவே, வாயுவின் வேகமும் விளங்குகிறது.

எம் 81, எம் 82 என்னும் விண்மீன் மண்டலங்கள் புகைப்படத்தில் தனித்தனியே காணப்படும். 1994-இல் வெளியான வானொலிப் படமோ அவற்றை இணைக்கும் நீண்ட வாயு இழைகளைக் காட்டிற்று. முன்னொரு காலத்தில் அவை நெருங்கி, ஒன்றன் வாயுவை மற்றொன்று ஈர்த்தமைக்கு அவ்விழைகளே சான்று. விண்மீன்களின் ஒளியை மட்டுமே நோக்கியிருப்பின், இவ்வரலாறு மறைந்தே கிடந்திருக்கும்.