யாழ்ப்பாணத்துப் பழைய காரும் மலையகத்துக் குளிரும்

“யாழ்ப்பாணத்து வெயிலுக்குக் காரில் ஹீற்றர் எதற்கு?” என்று நீங்கள் கேட்கலாம். நாங்களும் அப்படித்தான் கேட்டோம். சுன்னாகம் பக்கத்துக் கராஜ் ஒன்றில் பழைய மொறிஸ் மைனர் காரின் ஹீற்றரைக் கழற்றி வைத்திருந்த ஐயா சிரித்தார். “எங்களுக்கு உது தேவையில்லைத் தம்பி. ஆனா இந்தக் கார் நுவரெலியாவுக்குப் போகப்போகுது. அங்க தேவைதானே!” என்றார்.

ஏ-40, மொறிஸ் மைனர், கேம்பிரிட்ஜ் போன்ற பிரித்தானியக் கார்களை யாழ்ப்பாணத்தார் பல தலைமுறையாகக் காத்து வந்தவர்கள். 1990இல் யுத்தம் மீண்டும் தொடங்கியபின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. அந்தக் காலத்தில் சில துளி பெற்றோல் விட்டு இஞ்சினை உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெயில் கார் ஓட்டினார்கள். புதுச் சாமான் கிடைக்காதபோது பழையதைத் திருத்தினார்கள். அந்தக் கைப்பழக்கம் இன்றும் அங்கே இருக்கிறது.

ஹீற்றர் எப்படி வேலை செய்கிறது? மிக எளிது. இஞ்சினில் சூடான தண்ணீர் ஒரு ஹோஸ் வழியாக உள்ளே இருக்கும் சின்ன றேடியேட்டருக்குப் போகிறது. சிறிய மோட்டார் விசிறி அதன் மீது காற்றை ஊதுகிறது. சூட்டைக் கொடுத்த தண்ணீர் இன்னொரு ஹோஸ் வழியாக இஞ்சினுக்குத் திரும்புகிறது. ஆகவே ஹீற்றர் ஒழுகினால் இஞ்சினின் தண்ணீரும் குறையும். நோயாளியை ஏற்றிக்கொண்டு இரவில் தோட்டத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகும்போது இஞ்சின் கொதித்து நின்றால் என்ன கதி? சின்ன ஒழுக்கு என்று விடக்கூடாது என்பது இதனால்தான்.

கழற்றும் முறை இதுதான்:

1. இஞ்சின் நன்றாக ஆறட்டும். சூடான றேடியேட்டர் மூடியை ஒருபோதும் திறக்கக்கூடாது. கொதிநீர் பீறிட்டு முகத்தை வேக வைத்துவிடும்.

2. பற்றரியில், காரின் உடம்போடு சேரும் வயரை முதலில் கழற்றுங்கள். பழைய பிரித்தானியக் கார் பலவற்றில் அது + முனையாக இருக்கும். எது எங்கே இருந்தது என்று குறித்து வையுங்கள்.

3. ஹீற்றர் குழாயைத் திறந்துவிட்டு, கீழே பேசின் வைத்துத் தண்ணீரை வடியுங்கள். உறைதடை மருந்து கலந்த தண்ணீர் இனிப்பாக இருக்கும், ஆனால் நஞ்சு. பிள்ளைகளும் நாய்களும் கிட்ட வராமல் பாருங்கள்.

4. கிளிப்பைத் தளர்த்துங்கள். ஒட்டிப்போன ஹோஸைப் பிடித்து இழுத்தால் மெல்லிய குழாய் முறியும். ஹோஸை நீளவாக்கில் கீறி உரியுங்கள். ஹோஸ் போனால் வேறு வாங்கலாம்.

5. விசிறி வயர், கேபிள், போல்ட் ஆகியவற்றைக் கழற்றி, குழாய் வாய்களை அடைத்து, ஹீற்றரை வெளியே எடுங்கள்.

இனித் திருத்தம். யாழ்ப்பாணம் சுண்ணாம்புக்கல் நிலம். கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு குழாய்க்குள் படிந்து அடைத்துவிடும். “அதுதான் நாங்கள் மழைத்தண்ணி பிடிச்சு ஊத்துறது” என்றார் ஐயா. தண்ணீர் வெளியேறும் பக்கத்திலிருந்து மெதுவாகத் தண்ணீர் விட்டால் கறளும் அழுக்கும் கழன்று வரும்.

ஒழுக்கைக் கண்டுபிடிக்க ஒரு வாயை அடைத்து, தொட்டித் தண்ணீரில் அமிழ்த்தி, சைக்கிள் பம்பால் மெல்லக் காற்று அடியுங்கள். குமிழி வரும் இடமே ஓட்டை. செம்பு அல்லது பித்தளை என்றால் நன்றாகச் சுரண்டித் துப்புரவாக்கி ஈயம் பிடிக்கலாம். அலுமினியத்தில் சாதாரண ஈயம் பிடிக்காது. ஈயப் புகையை மூச்சில் இழுக்காமல் காற்றோட்டமான இடத்தில், பெற்றோலுக்குத் தூரமாகச் செய்யுங்கள். முடிந்ததும் கை கழுவாமல் சோற்றைத் தொடவேண்டாம்.

திரும்பப் பூட்டும்போது புது ஹோஸ் போடுங்கள். வயர், ஹோஸ் போகும் துளைகளின் றப்பர் வளையங்களையும் மாற்றுங்கள். அந்தத் துளை வழியாக உள்ளே வரக்கூடிய புகையில் காபனோரொட்சைட் இருக்கும். அதற்கு மணமில்லை, ஆளையே கொல்லும். கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குளிருக்குப் பயந்து பயணம் செய்யும் நமக்கு இது பெரிய விசயம். பிறகு தண்ணீர் ஊற்றி, ஹீற்றர் குழாயைத் திறந்தபடியே இஞ்சினை ஓடவிட்டு, அடைபட்ட காற்றை வெளியேற்றுங்கள். இஞ்சின் ஆறியபின் மூடியைத் திறந்து, குறைந்த தண்ணீரை நிரப்புங்கள்.

வழியில் ஒழுகினால் என்ன செய்வது? “ஹீற்றரை விட்டிட்டு, இஞ்சின் பக்கத்து ரெண்டு வாயையும் ஒரு ஹோஸால சேர்த்துக் கட்டிவிட்டாக் காணும். வீட்ட போய்ச் சேரலாம்” என்றார் ஐயா. குளிரைப் போர்வையால் சமாளிக்கலாம், இஞ்சின் கெட்டால் சமாளிக்க முடியாது.

கராஜில் வேலை பழகும் நம் தோட்டத்துப் பிள்ளைகள் இதை ஒரு முறை பெரியவர் ஒருவரின் பக்கத்தில் நின்று செய்து பார்க்கட்டும். கைத்தொழில் கற்றவனுக்கு எந்த ஊரிலும் சோறு உண்டு.