உடைந்த வாங்கு

கடனிறுக்க இயலாது நொடித்துப்போனவனை ஆங்கிலத்தில் "பாங்க்ரப்ட்" என்பர். இச்சொல்லின் பிறந்தகம் இங்கிலாந்தன்று, இத்தாலி. இடைக்காலத்தில் அந்நாட்டு நகரங்களில் நாணயம் மாற்றுவோர், சந்தையிலே பலகையொன்றை இட்டு அதன்மேல் காசு பரப்பித் தொழில் செய்தனர். அப்பலகைக்குப் பெயர் "பாங்கோ". வங்கி என்பதும் அதன்வழி வந்ததே. போர்த்துக்கேயர் வாயிலாக அதே சொல் நம்மிடம் "வாங்கு" ஆயிற்று. பள்ளிப் பிள்ளைகள் நாடோறும் அமர்வது அதன்மேற்றான்!

"பாங்கா ரொத்தா" என்றால் உடைந்த பலகை. கடனாளியின் பலகையை ஊரார் திரண்டு உடைத்தனர் என்றொரு கதை உண்டு. சுவையான கதைதான்; ஆயினும் அதனை அப்படியே நம்புதல் வேண்டா. மனமுடைந்தான் என்கிறோமே, அங்கே கோடரி எடுத்தவர் யார்?

பதினாறாம் நூற்றாண்டில் இச்சொல் ஆங்கிலத்துட் புகுந்தது. இலத்தீன் கற்றோர், "உடைந்தது" எனப் பொருள்படும் "ரப்டஸ்" என்னும் சொல்லை நினைந்து, இடையிலே பகர ஒலியைச் செருகினர். எட்டாம் ஹென்றி மன்னன் காலத்து 1542ஆம் ஆண்டுச் சட்டம் நொடித்த வணிகனைக் குற்றவாளியாகவே நடத்தியது. உடைமைகளைப் பறித்துக் கடன் கொடுத்தோருக்குப் பங்கிட்டது. ஆயினும் எஞ்சிய கடன் அவனை விட்டு நீங்கவில்லை. உண்மையாய் ஒத்துழைத்தவனுக்குக் கடன் விடுதலை அளித்தது 1705ஆம் ஆண்டுச் சட்டமே. வஞ்சகமாய்ப் பொருளை ஒளித்தவனுக்கோ அதே சட்டம் தூக்குமேடையைக் காட்டிற்று.

ஒல்லாந்தர் இதனை "பங்க்ரூட்" என்பர். நம் நாட்டு "வங்குரோத்து" அதற்கு எத்துணை அணித்தாய் ஒலிக்கின்றது! 2022 ஏப்பிரலில் இலங்கை தன் வெளிநாட்டுக் கடன்களிற் பெரும்பகுதியைச் செலுத்தாது நிறுத்திவைத்தபோது, கடைத்தெருவிலும் பத்திரிகைகளிலும் அடிபட்ட சொல் அதுவே.