டிரெப்ளிங்கா: வெற்று நிலம் கூறும் சாட்சி

பழைய இடங்களைக் காணச் செல்கிறவர்கள், அங்கே கண்ணால் காண ஏதேனும் இருக்கும் என்று நம்பியே செல்கிறார்கள். கோட்டையானால் மதில் இருக்கும். கோயிலானால் தூண் இருக்கும். சிறைச்சாலையானால் ஒரு கம்பிக் கதவேனும் இருக்கும். நான் இன்று உங்களுக்குச் சொல்ல எடுத்துக்கொண்ட இடத்திலோ அந்நாளைய கட்டிடம் ஒன்றும் நிற்கவில்லை. அதனைக் கட்டியவர்களே அதனை அழித்துவிட்டார்கள். ஆயினும் அங்கே நடந்தது இன்னது என்பதை உலகம் அறியும். எப்படி அறிந்தது? மாணவர்களாகிய உங்களுக்கு இக்கேள்வியே முதன்மையானது என்று கருதுகிறேன்.

போலந்து நாட்டின் தலைநகரான வார்சாவுக்கு வடகிழக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது டிரெப்ளிங்கா. மணற்பாங்கான நிலம், சுற்றிலும் பைன் மரக்காடு. இரண்டாம் உலகப் போரின்போது போலந்தைக் கைப்பற்றியிருந்த ஹிட்லரின் நாஜி அரசு, யூத மக்களை அடியோடு ஒழிப்பதெனத் துணிந்து, 1942ஆம் ஆண்டில் இக்காட்டினிடையே ஒரு முகாமை அமைத்தது. அதனைச் சிறை முகாம் என்று எண்ணிவிடாதீர்கள். சிறைப்பட்டவன் என்றேனும் ஒருநாள் வெளிவரக்கூடும். இங்கே கொண்டுவரப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் வந்த சில மணி நேரத்திற்குள் மாண்டனர். கொல்வதற்கென்றே அமைந்த இடம் அது.

1942 ஜூலை 23ஆம் நாள் கொலைத் தொழில் தொடங்கிற்று. வார்சா நகரில் மதிலெழுப்பி அடைத்து வைக்கப்பட்டிருந்த யூதர்களில் மட்டும், இரண்டு மாதங்களுக்குள் ஏறத்தாழ 2,65,000 பேர் சரக்கு ரயில்களில் இங்கே அனுப்பப்பட்டனர். வேறிடத்தில் குடியேற்றுவதாகவும் வேலை தருவதாகவும் அவர்களிடம் பொய் சொன்னார்கள். வந்திறங்கும் இடத்தை உண்மையான ரயில் நிலையம் போலக் காட்டப் பெயர்ப்பலகைகளையும், வண்ணம் தீட்டிய பொய்க் கடிகாரம் ஒன்றையும் பின்னர் அமைத்தார்கள். குளிப்பதற்கென்று ஆடை களையச் செய்து, அடைத்த அறைக்குள் எஞ்சினின் நச்சுப்புகையைச் செலுத்திக் கொன்றார்கள். ஏறத்தாழ ஓராண்டுக் காலத்தில் இங்கே மாண்டவர்கள் 8 லட்சத்திலிருந்து 9 லட்சத்திற்குச் சற்று மேல் வரை இருக்கலாம் என்பது ஆராய்ச்சியாளர் கணக்கு.

1943ஆம் ஆண்டில் புதைத்த உடல்களையெல்லாம் தோண்டியெடுத்து எரித்தனர். அவ்வேலைக்கென உயிரோடு விட்டு வைக்கப்பட்டிருந்த கைதிகள், அவ்வாண்டு ஆகஸ்டு 2ஆம் நாள் கிளர்ந்தெழுந்து முகாமுக்குத் தீ வைத்தனர். தப்பியோடியவர்களில் போர் முடியும்வரை பிழைத்திருந்தோர் சுமார் 70 பேரே. அதன்பின் நாஜிகள் எஞ்சிய கட்டிடங்களை இடித்து, நிலத்தை உழுது, செடி விதைத்து, ஒரு பண்ணை வீட்டையும் கட்டி, அதில் காவலன் ஒருவனைக் குடிவைத்தார்கள். இங்கே முகாம் என ஒன்று இருந்ததே இல்லை என்று நிலமே சொல்லவேண்டும் என்பது அவர்கள் எண்ணம்.

அந்த எண்ணம் பலிக்கவில்லை. மூன்று வகையான சான்றுகள் அதனை முறியடித்தன.

முதலாவது, தப்பியவர்களின் வாக்குமூலம். ஆபிரகாம் க்ஷெபிட்ஸ்கி என்னும் இளைஞர் 1942லேயே முகாமிலிருந்து தப்பி வார்சாவுக்குத் திரும்பினார். ராஹேல் அவுயர்பாக் என்ற எழுத்தாளர் அவர் கண்டதையெல்லாம் கேட்டு எழுதினார். அவ்வேடுகளை மற்றப் பத்திரங்களோடு உலோகப் பால் பாத்திரங்களில் இட்டு மண்ணில் புதைத்து வைத்தார்கள். 1943இல் அவ்விளைஞர் இறந்தார். 1950ஆம் ஆண்டில் இடிபாடுகளுக்கு அடியிலிருந்து அவருடைய சொல் வெளிவந்தது.

இரண்டாவது, கொன்றவர்களே எழுதிய கணக்கு. 1943 ஜனவரியில் ஜெர்மானிய அதிகாரி ஒருவர் இரகசியக் குறியீட்டில் அனுப்பிய தந்தியைப் பிரிட்டிஷார் இடைமறித்துப் பதிந்து வைத்தனர். அதன் பொருள் அப்பொழுது எவருக்கும் விளங்கவில்லை. 2000ஆம் ஆண்டில்தான் ஆராய்ச்சியாளர் அதனை இலண்டன் ஆவணக் காப்பகத்தில் கண்டெடுத்தனர். 1942 முடிய நான்கு முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்களின் தொகை அதில் இருக்கிறது. முகாம்களின் பெயர்களுக்கு முதலெழுத்துகள் மட்டுமே. மக்களின் பெயர்களுக்கு எண்கள் மட்டுமே. மூன்று முகாம்களுக்கு 24,733, 4,34,508, 1,01,370 என்றும், டிரெப்ளிங்காவுக்கு 71,355 என்றும், மொத்தம் 12,74,166 என்றும் எழுதியிருக்கிறது. கூட்டிப் பாருங்கள், கணக்கு இசையாது. டிரெப்ளிங்காவின் எண்ணில் ஓர் இலக்கம் விடுபட்டிருக்கிறது. அது 7,13,555 ஆனால் மொத்தம் சரியாக வருகிறது. நாஜி அரசுக்காகப் புள்ளிவிவர அதிகாரியான கோர்ஹெர் என்பவர் தயாரித்த வேறோர் அறிக்கையிலும் அதே 12,74,166 காணப்படுகிறது. பள்ளிச் சிறுவனும் செய்யக்கூடிய ஒரு கூட்டல், மறைக்கப்பட்ட உண்மைக்கு இவ்வாறு சான்றாகிறது.

மூன்றாவது சான்று மண். யூத சமயநெறி கல்லறைகளைக் கலைக்க இடம் தருவதில்லை. ஆகவே 2010ஆம் ஆண்டு முதல் அங்கே ஆராய்ந்த கரோலின் ஸ்டர்டி கோல்ஸ் என்ற பிரிட்டிஷ் தொல்லியலாளர், புதைகுழிகளைத் தோண்டாமலே காண வழி தேடினார். நிலத்தினுள் அலைகளைச் செலுத்தும் ரேடார் கருவியும், தரையின் மேடுபள்ளங்களை வானிலிருந்து ஒளிக்கதிரால் அளக்கும் முறையும் பெருங்குழிகள் இருக்குமிடத்தைக் காட்டின. 2013இல், புதைகுழிகளை விலக்கி, வேறிடத்தில் கவனமாகத் தோண்டியபோது செங்கற் சுவரின் அடித்தளமும் தரை ஓடுகளும் வெளிப்பட்டன. முகாமில் செங்கல்லால் கட்டப்பட்டது நச்சுப்புகை அறையே என்று தப்பியவர்கள் முன்னரே சொல்லியிருந்தார்கள். அறிவைத் தேடும்போதும் இறந்தோர்க்குரிய மரியாதையைக் காக்க முடியும் என்பதையும் இவ்வாராய்ச்சி நமக்குக் காட்டுகிறது.

இவற்றையெல்லாம் படித்துவிட்டு அந்நிலத்தில் நடப்பது வேறோர் அனுபவம். 1964ஆம் ஆண்டில் அமைத்த நினைவிடம் அங்கே இருக்கிறது. தண்டவாளம் இருந்த வழியைக் காட்டக் கான்கிரீட் கட்டைகளை வரிசையாகப் பதித்திருக்கிறார்கள். அவ்வழியே சென்றால், நடுவே பிளவுண்ட பெரியதொரு கருங்கல் நினைவுச் சின்னமும், அதனைச் சூழ்ந்து சுமார் 17,000 கரடுமுரடான கற்களும் எதிர்ப்படுகின்றன. பல கற்களில் ஊர்ப்பெயர்கள் பொறித்திருக்கக் கண்டேன். ஊரோடு மக்கள் மாண்டபின் ஆட்பெயர்களைச் சொல்ல யார் இருக்கிறார்கள்? நான் ஒவ்வொரு கல்லாகப் படித்துக்கொண்டு மெல்ல நடந்தேன். தனி மனிதர் ஒருவரின் பெயர் தாங்கிய கல் ஒன்றே ஒன்று இருக்கிறது. யானுஷ் கோர்ச்சாக்கும் குழந்தைகளும் என்பது அதன் வாசகம்.

கோர்ச்சாக் மருத்துவர், குழந்தை எழுத்தாளர், வார்சாவில் அநாதைக் குழந்தைகளை வளர்த்தவர். தாம் மட்டும் தப்பிக்க வாய்ப்பு வந்தபோதும் மறுத்து, 1942 ஆகஸ்டுத் தொடக்கத்தில் சுமார் 200 குழந்தைகளோடு தாமும் டிரெப்ளிங்கா ரயிலில் ஏறினார். அதற்கு மூன்று வாரங்களுக்கும் குறைவான காலத்திற்கு முன், ஜூலை 18ஆம் நாள், அக்குழந்தைகள் ஒரு நாடகம் நடித்தார்கள். அது நம் இரவீந்திரநாத் தாகூர் எழுதிய ‘தபாலாபீஸ்’. நோயுற்று அறைக்குள் அடைபட்ட சிறுவன் அமல், அரசனின் கடிதத்தை எதிர்நோக்கிக் காத்திருக்கும் கதை. வங்கத்தில் பிறந்த நாடகம் வார்சாவின் மதிலுக்குள் அடைபட்ட குழந்தைகளுக்குத் துணையாயிற்று. அந்தக் கல்லின் முன் நின்றபோது, தொலைநாட்டுச் செய்தியாகப் படித்தது எனக்கு நெருங்கிய துயரமாயிற்று.

மாணவ நண்பர்களே, அங்கே கொலை நடக்கவே இல்லை என்று சாதிப்போர் இன்றும் உண்டு. அவர்களுக்குச் சினத்தால் விடை கூறவேண்டுவதில்லை. பிழைத்தவன் சொல், கொன்றவன் கணக்கு, மண்ணின் தடயம் ஆகிய மூன்றும் தனித்தனி வழியில் வந்தவை. மூன்றும் ஒன்றையே கூறுகின்றன. வரலாற்றில் ஒரு செய்தி உங்கள் முன் வரும்போது, அது எங்கிருந்து வந்தது, அதற்குத் துணைநிற்கும் வேறு சான்று யாது என்று வினவப் பழகுங்கள். பெயரும் கல்லறையும் இன்றிப்போன பல லட்சம் பேருக்கு நாம் செய்யக்கூடிய நீதி, அவர்களுக்கு நேர்ந்ததைக் கூட்டாமலும் குறைக்காமலும் அறிந்து வைத்திருப்பதே.