உங்களுக்குத் தெரியுமா? திருந்தி வந்தவர்களும் சிற்றூர்களும்

● அமெரிக்காவின் வட கரோலினா மலைப்பகுதியில் புளோயிங் ராக் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அந்த ஊர் வாரப் பத்திரிகையில் ஜேன் கேரன் ஒரு தொடர்கதை எழுதினார். சன்மானம், வாரம் ஓர் இலவசப் பிரதி. பத்திரிகையின் விலையே அப்போது 10 சென்ட்தான்! அந்தத் தொடர் 1994இல் ‘அட் ஹோம் இன் மிட்ஃபோர்டு’ என்ற நாவலாகி, பிறகு பத்துக்கும் மேற்பட்ட நூல்களாக வளர்ந்தது. கேரன் 14 வயதில் பள்ளியை விட்டுத் திருமணம் செய்துகொண்டவர். விளம்பரத் துறையில் பல்லாண்டு உழைத்துவிட்டு, ஐம்பது வயதை ஒட்டி அதை உதறி எழுத வந்தவர். விழுந்து எழுந்த மனிதர்களை அவர் அவ்வளவு பரிவோடு எழுதுவதற்கு இது ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

● மிட்ஃபோர்டு கதைகளின் நாயகர் டிம் என்ற போதகர். அறுபதைத் தாண்டியவர், சர்க்கரை நோயாளி. அவரை ஒட்டிக்கொண்ட பெரிய நாய் ஒன்று, வேதவசனம் சொன்னால் மட்டுமே அடங்கும். அதைவிடச் சுவையானது பரண் கதை. நகை திருடிய ஒருவன் ஆலயத்தின் பரணில் ஒளிந்திருக்கிறான். கீழே, மனம் உடைந்து வந்த ஒருவரோடு டிம் ஜெபிப்பதைக் கேட்கிறான். ஞாயிறு ஆராதனையின் நடுவே எல்லார் முன்னாலும் வந்து நின்று குற்றத்தை ஒப்புக்கொள்கிறான். மனம் திரும்பிவிட்டான் என்பதற்காகத் தண்டனையிலிருந்து அவனுக்கு விலக்கு இல்லை, சிறைக்குப் போகிறான். பல ஆண்டுகள் கழித்து விடுதலையாகி, அவன் தேடி வருவது அதே ஊரை!

● இந்தத் தொடரில் மற்றவர்களைத் தேற்றுகிற போதகரே உடைந்துபோகும் நாவல் ஒன்றும் உண்டு. ‘இன் திஸ் மவுண்டன்’ (2002) அது. கார் ஓட்டும்போது சர்க்கரை நோயால் நினைவிழந்து, பக்கத்துச் சபைப் போதகர்மீது மோதிவிடுகிறார் டிம். அந்தப் போதகரின் நாய் இறந்துபோகிறது. குற்ற உணர்ச்சியில் புதைந்துபோகும் டிம்மை, காயம்பட்ட அந்த மனிதரே மன்னிக்கிறார். ஆனாலும் டிம் மீண்டு வர ஒரு நாவல் முழுக்கத் தேவைப்படுகிறது. குணமாவதை ஒரே அத்தியாயத்தில் முடித்துவிடாத இந்த நிதானம்தான் கேரனிடம் எனக்கு மிகவும் பிடித்தது.

● அமெரிக்காவில் சிறந்த கிறிஸ்தவப் புனைகதைகளுக்குத் தரப்படும் ‘கிறிஸ்டி’ விருதின் பெயர், கேத்தரின் மார்ஷல் 1967இல் வெளியிட்ட நாவலிலிருந்து வந்தது. டென்னசி மலைக்கிராமம் ஒன்றுக்குப் பாடம் சொல்லித்தரப் போகும் 19 வயதுப் பெண்ணின் கதை. அதற்கு மூலம் மார்ஷலின் சொந்தத் தாயின் அனுபவம்.

● இந்த வகைக் கதைகளுக்கெல்லாம் முன்னோடி என்று ஒன்றைக் காட்டச் சொன்னால், விக்டர் ஹியூகோவின் ‘லே மிசெராப்ள்’ (1862) நாவலைத்தான் காட்டுவேன். 19 ஆண்டுச் சிறைவாசம் முடிந்து வரும் ழான் வல்ழானுக்கு, தீன் என்ற சிறு மலைநகரில் யாரும் இடம் தரவில்லை. ஆயர் மிரியேல் மட்டும் கதவைத் திறக்கிறார். அவன் திருடிய வெள்ளிச் சாமான்களைத் தாமே தந்ததாகப் போலீசிடம் சொல்லி, வெள்ளி விளக்குத்தண்டுகளையும் சேர்த்துக் கொடுக்கிறார். தீன் நகரில் உண்மையிலேயே ஆயராக இருந்த மியொலிஸ்தான் இந்தப் பாத்திரத்துக்கு முன்மாதிரி. சுத்தானந்த பாரதியார் இந்நாவலை ‘ஏழை படும் பாடு’ என்று தமிழுக்குக் கொண்டுவந்தார். 1950இல் நாகையா நடித்துப் படமாகவும் வந்தது. மன்னிப்பு என்பதையே அறியாத போலீஸ் அதிகாரி ஜாவராக நடித்த சீதாராமன், அதன்பின் கடைசிவரை ‘ஜாவர் சீதாராமன்’தான்!

● டேனிஷ் எழுத்தாளர் ஐசக் டினசனின் ‘பேபெட்டின் விருந்து’ கதையில், நார்வேயின் கடலோர ஊர் ஒன்றில் முதிய விசுவாசிகள் பழைய பகைகளை மறக்காமல் முணுமுணுத்துக்கொண்டிருக்கிறார்கள். பாரிசிலிருந்து அகதியாக வந்த சமையல்காரிக்கு லாட்டரியில் 10,000 பிராங்க் விழுகிறது. அதை முழுவதும் செலவழித்து ஒரே ஒரு விருந்து வைக்கிறாள். சாப்பாட்டு மேசையில் பகை கரைகிறது. இக்கதையைத் தழுவி 1987இல் வந்த டேனிஷ் படம், சிறந்த பிறமொழிப் படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது.

● மெரிலின் ராபின்சன் முதல் நாவலை 1980இல் வெளியிட்டார். இரண்டாவது நாவல் ‘கிலியட்’ வர 24 ஆண்டுகள் ஆயின. 2005இல் அதற்குப் புலிட்சர் பரிசு. கதை நடப்பது 1956இல், அயோவா மாநிலத்தின் கற்பனைச் சிற்றூரில். இதய நோயோடு மரணத்தை எதிர்நோக்கும் 76 வயதுப் போதகர் ஜான் ஏம்ஸ், ஏழு வயதுகூட நிரம்பாத மகனுக்கு எழுதும் நீண்ட கடிதமே நாவல். நண்பரின் மகன் ஜாக் இருபது ஆண்டுகளுக்குப் பிறகு ஊர் திரும்புகிறான். இளவயதில் ஓர் ஏழைப் பெண்ணையும் குழந்தையையும் கைவிட்டுப் போனவன் அவன். ஆயுள் முழுக்க மன்னிப்பைப் பிரசங்கித்த ஏம்ஸால் அவனை மட்டும் மன்னிக்க முடியவில்லை.

ஜாக் திரும்பி வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அவன் மனைவியாக வரித்தவள் கறுப்பினப் பெண். அவர்களுக்கு ஒரு மகனும் இருக்கிறான். அவர்கள் வாழ்ந்த மிசூரி மாநிலத்தில் அந்தத் திருமணம் சட்டப்படி செல்லாது. அத்தகைய சட்டங்களை அமெரிக்க உச்ச நீதிமன்றம் தூக்கியெறிந்தது 1967இல்தான். கிலியட்டில் குடும்பமாக வாழ இடம் கிடைக்குமா என்பதே அவன் கேள்வி. கிலியட்டுக்கு மாதிரியான டேபர் என்ற உண்மை ஊர், அடிமைமுறையை எதிர்த்தவர்கள் நிறுவியது. போராளி ஜான் பிரவுன் அங்கே தங்கியதுண்டு. ஆனால் அப்படிப்பட்ட மரபில் வந்த ஊரிலும் ஜாக்குக்கு இடமில்லை. பேருந்துக்குப் போகும் அவன் நெற்றியில் கைவைத்து ஏம்ஸ் ஆசீர்வதிக்கிறார். முதியவர் குணமானார், ஊர் குணமாகவில்லை. இந்த நேர்மைக்காகவே இந்த வகை நாவல்களில் ‘கிலியட்’டை முதலிடத்தில் வைக்கிறேன்.

● ராபின்சன் ஜாக்கை அத்தோடு விட்டுவிடவில்லை. ‘ஹோம்’ (2008) நாவலில் அதே நாட்களை ஜாக்கின் வீட்டுக்குள்ளிருந்து, அவன் தங்கை குளோரியின் பார்வையில் மறுபடி சொன்னார். 2020இல் ‘ஜாக்’ என்று அவன் பெயரிலேயே ஒரு நாவல் எழுதினார்.