மாற்று இதயமும் பூசணமும்

மிளகும் ஏலமும் வாங்கி விற்கிறவனுக்குப் பூசணத்தைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. குமுளியிலோ வண்டன்மேட்டிலோ ஆடி மாத மழையில் சரியாகக் காயாத மிளகு மூட்டையைப் பிரித்தால் மூக்கே சொல்லிவிடும். சமணர் வீடுகளில் காளான் உண்பதில்லை, பூசணம் பூத்த பண்டத்தையும் தொடுவதில்லை. ஆனால் அந்தப் பூசண இனம்தான் மாற்று இதயம் பெற்றவரை வாழவும் வைத்தது, சில வேளை சாய்த்தும் விடுகிறது.

1967 டிசம்பர் 3-இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் டாக்டர் கிறிஸ்டியான் பர்னார்டு முதன்முதலாக ஒரு மனிதரின் இதயத்தை இன்னொரு மனிதருக்குப் பொருத்தினார். இதயம் நன்றாகவே துடித்தது. நோயாளி 18 நாளில் நிமோனியாவால் இறந்தார். வந்த உறுப்பை உடம்பு எதிரி என்று தாக்கும். அதைத் தடுக்க எதிர்ப்புச் சக்தியை மருந்தால் அடக்குவார்கள். காவல்காரனைத் தூங்க வைத்தால் திருடனுக்குச் சொல்லவா வேணும்!

1969-இல் நார்வே மலைமண்ணில் எடுத்த ஒரு பூசணத்திலிருந்து சைக்ளோஸ்போரின் மருந்து பிறந்தது. 1980-களில் அது பரவிய பிறகே இதய மாற்று மறுபடி தழைத்தது. 1994 ஆகஸ்டில் டில்லி எய்ம்ஸில் டாக்டர் வேணுகோபால் இந்தியாவில் முதல் வெற்றி கண்டார். கேரளத்தில் 2003 மே மாதம் எர்ணாகுளத்தில் டாக்டர் ஜோஸ் சாக்கோ பெரியப்புரம் தொடங்கினார். 2015-இல் கோட்டயம் அரசு மருத்துவக் கல்லூரியிலும் நடந்தது. குமுளியிலிருந்து கே.கே. ரோட்டில் இறங்கினால் கோட்டயம்தானே? தோட்டத் தொழிலாளி குடும்பத்துக்கும் எட்டுகிற தூரத்தில் அது வந்துவிட்டது.

ஆபரேஷன் முடிந்து மலைக்குத் திரும்பும்போதுதான் கவனம் வேண்டும். முதல் சில மாதங்களில் மருந்தின் அளவு அதிகம், ஆபத்தும் அதிகம். அஸ்பெர்ஜில்லஸ் என்ற பூசணம் மட்கிய சருகிலும் வைக்கோலிலும் ஈரச் சுவரிலும் இருக்கும். அதன் நுண்தூள் மூச்சோடு நுரையீரலில் இறங்கும். நமக்கு ஒன்றும் ஆகாது. அவருக்கு அது உயிர்ப் பிரச்சினை. வீடு இடிக்கிற தூசி, எருக்குழி கிளறுவது, ஏலத்தோட்டத்துச் சருகு வாருவது எல்லாம் அவருக்கு ஆகாது. புறா எச்சத்தில் கிரிப்டோகாக்கஸ் என்று இன்னொன்று உண்டு, அது மூளைவரை போகும். கேண்டிடா நம் உடம்பிலேயே குடியிருப்பது. வாயில் வெள்ளை படிந்தால் அதை நினைக்கலாம். 2021-இல் கரும்பூஞ்சை என்று நாம் பயந்த மியூகர், சர்க்கரை கட்டுப்படாதவரைத் தேடி வரும்.

இதில் ஒரு சிக்கல், எதிர்ப்புச் சக்தி அடங்கியவருக்குக் காய்ச்சல் கடுமையாகக் காட்டாமலும் போகலாம். லேசான இருமல், நெஞ்சுவலி, மூச்சு வாங்கல், தலைவலி எதுவானாலும் "மலைக்குளிர்தான், கஷாயம் குடிச்சாப் போயிடும்" என்று வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்கே அன்றே போன் செய்ய வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. பூசணத்தைக் கொல்லும் வோரிகோனசோல் போன்ற மாத்திரைகள், இதயத்தைக் காக்கும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும், சிறுநீரகம் கெடலாம். அதனால் டாக்டர் ஒன்றைச் சேர்க்கும்போது மற்றதைக் குறைத்து, ரத்தத்தில் அளந்து பார்ப்பார். பூசண மாத்திரையை நிறுத்தும்போது மறுபடி கூட்டுவார். வாளையார் தாண்டிக் கோயமுத்தூரில் வேறு டாக்டரிடம் காட்டுகிற பாலக்காட்டுக்காரர்கள் பழைய மருந்துச் சீட்டைக் கையோடு கொண்டு போக வேண்டும். பம்பளிமாஸ் பழமும் அதே வேலையைச் செய்யும் என்பதால் அதையும் தவிர்க்கச் சொல்வார்கள்.